கட்டப்படாத பள்ளிவாசலின் படம்: ஒளியும் நிறமும் வாய்மையும்

கட்டிடங்களைப் படமாக்கிக் காணும் கலை இஸ்லாமியப் பண்பாட்டுக்குப் புதியதன்று. உமய்யாக் கலீஃபா முதலாம் வலீத், கி.பி. 706-க்கும் 715-க்கும் இடையில் திமிஷ்கில் எழுப்பிய பெரும் பள்ளிவாசலின் சுவர்களில், பொன் பூசிய கண்ணாடித் துண்டுகளாலும் வண்ணக் கண்ணாடித் துண்டுகளாலும் மாளிகைகளும் ஆறுகளும் மரங்களும் இழைக்கப்பட்டன. அவற்றில் எஞ்சிய பகுதிகளை இன்றும் காணலாம். அங்கே மனிதரோ விலங்கோ இல்லை. ஆயினும் ஒவ்வொரு மாளிகைக்கும் வெளிச்சம் படும் பக்கமும் நிழல் படும் பக்கமும் உண்டு. பச்சை நிறம் ஒரே பச்சையாக இல்லாமல், வெளிரிய பச்சையிலிருந்து கரும்பச்சை வரை படிப்படியாக இறங்குகிறது. நிறத்தையும் ஒளியையும் கொண்டு கட்டிடத்தைக் கண்முன் நிறுத்தும் திறமையை அக்கலைஞர்கள் நன்கு அறிந்திருந்தனர்.

அதே திறமை இன்று கணினியின் வழியே நம் ஊர்களுக்கு வந்திருக்கிறது. ஒரு பள்ளிவாசலையோ மதரஸாவையோ புதிதாகக் கட்டவோ புதுப்பிக்கவோ ஜமாஅத் முடிவு செய்ததும் முதலில் தயாராவது ஒரு படம். கட்டிடத் துறையினர் இதனை 'ரெண்டரிங்' என்பர். நம்மிடையே 'எலிவேஷன் படம்' என்றும் 'த்ரீ டி படம்' என்றும் வழங்குகிறது. வாயிலில் பதாகையாகவும், வசூல் புத்தகத்தின் அட்டையாகவும், வெளிநாட்டில் உழைப்போரின் கைப்பேசியிலும் அப்படமே செல்கிறது. அதைப் பார்த்தே மக்கள் மனம் ஒப்பிப் பொருள் தருகின்றனர். எனவே இப்படம் எவ்வாறு உருவாகிறது, அதன் நிறங்கள் எவ்வாறு திருத்தப்படுகின்றன, திருத்தத்திற்கு எல்லை எது என்பவற்றை அறிவது, கட்டிடக் கலைஞருக்கு மட்டுமன்றிப் பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கும் தேவையாகிறது.

கணினி கணக்கிடுவதும் கண் காண்பதும்

கணினியில் முதலில் கட்டிடத்தின் முப்பரிமாண வடிவம் அமைக்கப்படுகிறது. சுவர், தரை, கண்ணாடி ஒவ்வொன்றுக்கும் அதன் நிறமும், ஒளியைத் திருப்பியனுப்பும் தன்மையும் எண்களாகக் கொடுக்கப்படுகின்றன. சூரியன் எத்திசையில் எந்த உயரத்தில் நிற்கிறது என்பதும் குறிக்கப்படுகிறது. பின்னர் ஒளிக்கதிர்கள் எங்கு பட்டு எங்கு தெறிக்கும் என்பதைக் கணினி கணக்கிட்டுப் படமாக்குகிறது.

இவ்வாறு பிறக்கும் முதற்படம் பெரும்பாலும் உயிரற்றதாகத் தோன்றும். நிழல்கள் கறுத்துக் கிடக்கும். அல்லது எல்லாம் சாம்பல் பூத்ததுபோல் மங்கியிருக்கும். புல் பிளாஸ்டிக் விரிப்பைப்போல் பளிச்சிடும். இதற்குக் காரணம் கணினியின் பிழையன்று. கணினி தருவது ஒளியின் அளவை. நாம் தேடுவதோ பார்வையை. நடுப்பகல் வெயிலில் ஒரு முற்றத்தில் விழும் ஒளி ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். அதையொட்டிய தாழ்வாரத்தின் உட்புறத்தில் அது 1,000 லக்ஸுக்கும் குறைவாக இருக்கலாம். நூறு மடங்கு வேறுபாடுள்ள இவ்விரண்டையும் நம் கண் தன்னைச் சரிசெய்துகொண்டு ஒருசேரக் காண்கிறது. ஆனால் அச்சிட்ட தாளால் இவ்வளவு பெரிய வேறுபாட்டைத் தாங்க முடியாது. அதிலுள்ள மிகப் பிரகாசமான இடம், மையில்லாத வெள்ளைத் தாளின் வெண்மையே. ஆகவே, பெரிய ஒளியைச் சிறிய எல்லைக்குள் அடக்கும்போது எதைக் காப்பது, எதை விட்டுக்கொடுப்பது என்று ஒருவர் முடிவு செய்தாக வேண்டும். படத்தை மெருகேற்றும் பணியின் முதல் நியாயம் இதுவே.

இப்னுல் ஹைஸமின் பாடம்

இந்த வேறுபாட்டை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஆராய்ந்தவர், ஏறத்தாழ கி.பி. 965-இல் பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்து மறைந்த பேரறிஞர் அல்ஹஸன் இப்னுல் ஹைஸம் (ரஹ்) ஆவார். ஏழு பகுதிகள் கொண்ட அவரது 'கிதாபுல் மனாழிர்' இலத்தீனில் மொழிபெயர்க்கப்பட்டு, 1572-இல் பாஸல் நகரில் அச்சேறியது. காணப்படும் பொருளின் பண்புகளாக அவர் இருபத்திரண்டை எண்ணுகிறார். அவற்றுள் முதலிடம் பெறுபவை ஒளியும் நிறமும். ஏனைய பண்புகளை உணர அறிவின் ஒப்பீடும் அனுமானமும் தேவை என்பது அவர் முடிவு. அந்தப் பட்டியலில் நிழலும் இருளும் அழகும் அழகின்மையும்கூட உண்டு.

நம் பொருளுக்கு உதவும் மூன்று உண்மைகளை அந்நூலிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். முதலாவது, பொருளின் நிறம் அதன்மேல் விழும் ஒளிக்கேற்ப மாறித் தோன்றும். வலுவான ஒளியில் ஒருவாறாகவும், மங்கிய ஒளியில் வேறுவாறாகவும் ஒரே நிறம் தெரியும். இரண்டாவது, ஒரு பொருளின் நிறம் அருகிலுள்ள பொருள்மேலும் படியும். வெயிலில் நிற்கும் அடர்ந்த பசுந்தாவரங்களின் பச்சை, எதிரேயுள்ள சுவரிலும் வெண்ணிற ஆடையிலும் மெல்லெனப் படிவதை அவர் எடுத்துக்காட்டுகிறார். மூன்றாவது, ஒரு நிறம் எந்தப் பின்னணியில் வைக்கப்படுகிறதோ அதற்கேற்பக் கண்ணுக்கு வேறுபட்டுத் தெரியும். ஒரே சாயப்புள்ளி வெண்ணிறப் பரப்பில் கறுத்தும், கருநிறப் பரப்பில் வெளுத்தும் தோன்றுவதை அவர் சோதித்துக் கூறியுள்ளார்.

இன்றைய ரெண்டரிங் மென்பொருள்கள் இவற்றுள் முதல் இரண்டையும் கணக்கிட்டுவிடுகின்றன. மூன்றாவதைக் கணக்கிடுவதில்லை, ஏனெனில் அது பொருளில் நிகழ்வதன்று, காண்பவனிடம் நிகழ்வது. கணினி நிறுத்திய இடத்திலிருந்து மனிதனின் கண் பணியைத் தொடரவேண்டியிருப்பது இதனாலேயே.

முதலில் ஒளி, பின்னரே நிறம்

திருத்தும் பணியில் ஒழுங்குமுறை முக்கியமானது. தொடக்கநிலையாளர் பலர் நேராக நிறத்தைக் கூட்டத் தொடங்கிவிடுவர். அனுபவமுள்ளவர் முதலில் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பார்ப்பர். நிறமின்றியே கட்டிடத்தின் வடிவம் தெளிவாகத் தெரிந்தால்தான் ஒளியமைப்பு சரியாக உள்ளது என்று பொருள். சுவரும் வானமும் ஒரே சாம்பல் நிறத்தில் கரைந்துவிட்டால், எத்தனை நிறம் பூசினாலும் படம் தட்டையாகவே இருக்கும்.

வழக்கமான கணினிப் படத்தில் ஒவ்வொரு புள்ளியின் ஒளியும் 0 முதல் 255 வரையான படிகளில் பதிவாகிறது. 0 முழுக்கறுப்பு, 255 முழுவெண்மை. இந்த 256 படிகளில் பெரிய திருத்தங்களைச் செய்தால் வானத்தில் பட்டைப் பட்டையாக நிறம் உடைந்து தெரியும். எனவே, இன்னும் நுண்ணிய அளவுகளைத் தாங்கும் கோப்பாகப் படத்தைச் சேமித்துத் திருத்துவதே நல்லது. 2003-இல் இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் நிறுவனம் பொதுப் பயன்பாட்டுக்கு வெளியிட்ட 'ஓப்பன் இ.எக்ஸ்.ஆர்.' என்னும் கோப்புவகை இதற்குப் பெரிதும் பயன்படுகிறது. நிழல், பிரதிபலிப்பு, தொலைவு, பொருள்வகை ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனிப் படலமாகப் பெறவும் அது இடமளிக்கிறது. 1990 முதல் வழக்கிலுள்ள ஃபோட்டோஷாப் போன்ற மென்பொருளில் இப்படலங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சுவரைத் தொடாமல் சன்னலை மட்டும், தரையைத் தொடாமல் நிழலை மட்டும் திருத்தலாம்.

ஒளி சரியானபின் பார்க்கவேண்டியது, வெம்மையும் குளுமையும். நடுப்பகல் சூரிய ஒளியின் நிறவெப்பம் ஏறத்தாழ 5,500 கெல்வின். மறையும் சூரியனில் அது 3,000-க்கும் கீழே இறங்கிச் செம்மஞ்சளாகும். நிழலில் விழுவது நேரடிச் சூரிய ஒளியன்று, நீலவானத்தின் ஒளி. அதன் அளவு 8,000 கெல்வினையும் கடக்கும். ஆகையால் வெயில் பட்ட சுவர் சிறிது மஞ்சள் சார்ந்தும், நிழல் பட்ட சுவர் சிறிது நீலம் சார்ந்தும் இருப்பதே இயற்கை. நிழலை வெறும் கறுப்பாக விட்ட படம் உயிரிழந்து தெரிவதும், அதில் சிறிதளவு நீலம் கலந்தவுடன் காற்றும் வெளியும் புகுந்ததுபோல் தோன்றுவதும் இக்காரணத்தால்தான். ஆனால் அளவு முக்கியம். வேறுபாட்டை மிகைப்படுத்தினால் கட்டிடம் திரைப்பட விளம்பரம்போல் ஆகிவிடும்.

வெண்மையும் பசுமையும்

நம் பள்ளிவாசல் படங்களில் மிகுதியாகத் தவறிப்போவன வெள்ளையும் பச்சையும். நாம் மிகுதியாக விரும்பும் நிறங்களும் அவையே.

வெள்ளைச் சுவருக்குக் கணினியில் முழுவெண்மையைக் கொடுப்பது பொதுவான வழக்கம். ஆனால் உலகில் எந்தச் சுவரும் தன்மேல் விழும் ஒளி முழுவதையும் திருப்பியனுப்புவதில்லை. புதிதாகச் சுண்ணாம்பு பூசிய சுவர் ஏறத்தாழ 80 விழுக்காட்டையும், செங்கல் 20 முதல் 30 விழுக்காட்டையும், தார்ச்சாலை 10 விழுக்காட்டுக்கும் குறைவாகவுமே திருப்பியனுப்புகின்றன. சுவர் 255-ஐத் தொட்டுவிட்டால் அதிலுள்ள வளைவு, விளிம்பு, எழுத்தணி அனைத்தும் வெண்மையில் மூழ்கிவிடும். வெயில் நேராகப் படும் வெள்ளைச் சுவரைக்கூட 240-ஐ ஒட்டி நிறுத்தி, உச்ச வெண்மையைப் பளபளக்கும் உலோகக் கலசத்தின் ஒரு புள்ளிக்கு மட்டும் ஒதுக்கினால், சுவர் வெண்மையாகவும் இருக்கும், வடிவமும் பிழைக்கும். வெண்மையை உணர்த்துவது அதன் அளவு மட்டுமன்று, அருகிலுள்ள நிழலும்தான்.

பச்சையின் சிக்கல் வேறு. கணினியிலுள்ள ஆயத்தப் புல்லும் மரமும் பெரும்பாலும் மழைமிகுந்த குளிர்நாடுகளின் நிறத்தில் அமைந்திருக்கும். இராமநாதபுரத்திலோ திருநெல்வேலியிலோ வேம்பும் புங்கும் அந்நிறத்தில் இருப்பதில்லை. மஞ்சள் கலந்து, கோடையில் புழுதி படிந்து நிற்கும். ஆகவே பச்சையை மட்டும் தேர்ந்து, அதன் செறிவைக் குறைத்து, சாயலை மஞ்சள் பக்கம் சிறிது நகர்த்தவேண்டும். இதில் இன்னொரு பயனும் உண்டு. இப்னுல் ஹைஸம் கண்ட அதே நிகழ்வு கணினியிலும் நடக்கிறது: செறிவு மிகுந்த புல்லின் பச்சை, தெறிப்பொளி வழியே வெள்ளைச் சுவரின் அடிப்பகுதியில் படிந்து, பாசி பிடித்ததுபோல் காட்டும். மூலப்பொருளிலேயே பச்சையின் செறிவைக் குறைத்தால் சுவரின் கறையும் மறையும். பச்சை வண்ணம் பூசவிருக்கும் மினாராவுக்கும் இது பொருந்தும். வண்ணக் கடையின் அட்டையில் காணும் சிறு சதுரத்தின் நிறம், வெயிலில் பெரிய சுவராக விரியும்போது மேலும் உரத்துத் தெரியும் என்பதைப் பூச்சுவேலை செய்வோர் நன்கறிவர்.

நிறங்களின் அண்டை அயல்

மூன்றாவது உண்மைக்கு வருவோம். நிறம் தனித்து வாழ்வதில்லை. அண்டை நிறத்தோடு சேர்ந்தே வாழ்கிறது. இஸ்ஃபஹானில் 1611-இல் தொடங்கப்பட்ட ஷாஹ் பள்ளிவாசலின் நீலப்பச்சைக் குவிமாடம் மனத்தைக் கவர்வதற்கு, ஓடுகளின் சிறப்பு மட்டும் காரணமன்று. சுற்றிலும் பரந்த மண்ணிற நகரமும் வறண்ட மலைகளும் காரணம். இஸ்தான்பூலில் 1557-இல் நிறைவுற்ற சுலைமானிய்யாவோ இதற்கு நேர்மாறானது. வெளிறிய கல்லும் சாம்பல் நிற ஈயத்தகடு வேய்ந்த குவிமாடங்களுமே அதன் வெளித்தோற்றம். நிறம் ஏறக்குறைய இல்லை. ஒளியும் நிழலுமே பேசுகின்றன. அழகுக்கு நிறமிகுதி தேவையில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

பைத்துல் முகத்தஸிலுள்ள குப்பத்துஸ் ஸக்ராவின் வரலாறு இன்னும் தெளிவான பாடம். இன்று நாம் காணும் பொன்னிறக் குவிமாடம், 1959-இல் தொடங்கிய திருப்பணிக்கு முன் ஈயத்தகடு போர்த்திய சாம்பல் நிறமாக இருந்தது. 1993-இல் ஜோர்டான் மன்னர் ஹுஸைன் வழங்கிய பொருளால், 80 கிலோ தங்கம் கொண்டு அது மெருகூட்டப்பட்டது. கட்டிடத்தின் வடிவம் மாறவில்லை. ஆயினும் பழைய புகைப்படத்தையும் புதியதையும் அருகருகே வைத்தால் இரு வேறு கட்டிடங்கள் என்றே தோன்றும். நீலவானத்தின் எதிரிலும் நீல ஓடுகளின் மேலும் பொன்னிறம் உச்சப் பொலிவு பெறுகிறது. அதே பொன்னிறத்தைச் செம்மஞ்சள் அந்திவானத்தின் முன் வைத்தால் பொலிவில் பாதி கரைந்துவிடும். படத்திற்கு வானத்தைத் தேர்வோர் முதலில் எண்ணவேண்டியது வானத்தின் அழகையன்று. அந்த வானத்தின் முன் கட்டிடம் எவ்வாறு தெரியும் என்பதையே.

நிறங்களைச் சேர்க்கும்போது ஓர் எளிய நெறி உதவும். படத்தின் பெரும்பகுதியை அடங்கிய நிறங்கள் ஆளட்டும். ஒரு நிறம் மட்டும் துணைநிற்கட்டும். செறிந்த நிறம் கண் சென்று நிற்கவேண்டிய ஓரிடத்தில் மட்டும், அதாவது வாயிலிலோ குவிமாடத்திலோ, இருக்கட்டும். பொருத்தத்தையும் (தனாஸுப்) இணக்கத்தையும் (இஃதிலாஃப்) அழகின் ஆணிவேராக இப்னுல் ஹைஸம் கண்டதன் பொருள் இங்கே விளங்கும்.

காற்றும் மரமும் மனிதரும்

தொலைவிலுள்ளது மங்கித் தெரியும், நுண்விவரம் இழக்கும். கணினி தரும் தொலைவுப் படலத்தைக் கொண்டு, பின்னணிக் கட்டிடங்களின் மேல் மெல்லிய வெளிர்நீலத்தைப் படரவிட்டால் பள்ளிவாசல் முன்வந்து நிற்கும். ஈரக்காற்று நிறைந்த கடலோர ஊர்களுக்கு இது முற்றிலும் இயல்பு. தூண் தரையைத் தொடும் இடம், கூரையின் கீழ்விளிம்பு போன்ற மூலைகளில் நிழலைச் சற்றே ஆழப்படுத்தினால் கட்டிடம் மிதப்பதுபோன்ற தோற்றம் நீங்கும்.

மனித உருவங்களைச் சேர்ப்பது பற்றி நம்மிடையே தயக்கம் உண்டு. உயிருள்ளவற்றின் உருவம் குறித்து உலமாக்களிடையே நெடுங்காலமாக விளக்க வேறுபாடுகள் உள. அதற்குள் புகாமலே ஒன்றைச் சொல்லலாம்: படத்தில் மனிதரைச் சேர்ப்பதன் முதன்மை நோக்கம், கட்டிடத்தின் அளவை உணர்த்துவதே. அதைப் படிக்கட்டும் கதவும் உளூச் செய்யும் இடமும் சாய்த்து நிறுத்திய மிதிவண்டியும் செவ்வனே உணர்த்தும். திமிஷ்கின் கலைஞர்கள் மரங்களைக்கொண்டே இதைச் சாதித்தனர். மனிதரைச் சேர்ப்பவரும் உருவத்தின் அளவைச் சரியாக வைக்கவேண்டும். மனிதரைச் சிறிதாக்கினால் பள்ளிவாசல் பெரிதாகிவிடும். இங்குதான் கலை முடிந்து வேறொன்று தொடங்குகிறது.

கிழக்கு வாயிலில் மாலைவெயில்

அந்த வேறொன்றுக்கு நம் நாட்டிலேயே தெளிவான எடுத்துக்காட்டு உண்டு. சென்னையிலிருந்து கிப்லாவின் திசை, மேற்கிலிருந்து ஏறத்தாழ 18 பாகை வடக்கே அமைகிறது. ஆகவே தமிழகப் பள்ளிவாசல்களின் மிஹ்ராப் மேற்குப் பக்கமும், முகப்பு பெரும்பாலும் கிழக்குப் பக்கமும் இருக்கும். கிழக்கு நோக்கிய முகப்பில் காலைவெயில் மட்டுமே விழும். அஸர் நேரத்தில் அம்முகப்பு முழுவதும் நிழலில் இருக்கும். சூரியன் கட்டிடத்திற்குப் பின்னால் நிற்கும். ஆனால் நாம் காணும் படங்கள் பலவற்றில் அந்திச் சூரியனின் பொன்னொளி முகப்பின் மேல் நேராகப் பொழிகிறது, வானமும் மாலைவானமே. அத்தகைய வெளிச்சத்தை அந்தப் பள்ளிவாசல் தன் வாழ்நாளில் ஒரு மாலையிலும் பெறாது.

வடக்குச் சுவருக்கும் இவ்வாறே. தமிழகத்தில் நடுப்பகல் சூரியன் வடக்கே சாய்வது ஏறத்தாழ ஏப்ரல் பிற்பகுதியிலிருந்து ஆகஸ்ட் வரைதான். எஞ்சிய மாதங்களில் தெற்குச் சுவரே வெயில் காயும். ஊர், திசை, நாள், நேரம் ஆகியவற்றைச் சரியாகக் கொடுத்தால் மென்பொருள் இவற்றைத் தானே கணக்கிட்டுக் காட்டும். பொன்னொளிதான் வேண்டுமெனில், சூரியோதயத்தை அடுத்த நேரத்தைத் தேர்ந்தால் போதும். உண்மையும் அழகும் ஒன்றாகவே கிட்டும். மஃக்ரிபை ஒட்டிய நீலவானமும் உள்விளக்குகளும் வேண்டுமெனில் அதுவும் தகும். ஆனால் திட்டத்தில் இல்லாத விளக்குகளைச் சேர்க்கலாகாது.

படம் திரையிலிருந்து பதாகைக்குச் செல்லும்போதும் ஒரு மாற்றம் நிகழ்கிறது. திரை ஒளியை உமிழ்கிறது. தாளும் ஃபிளெக்ஸும் மையின் வழியே ஒளியைத் திருப்பியனுப்புகின்றன. திரையில் மிளிரும் நீலமும் பச்சையும் அச்சில் மங்கிவிடும். அதைக் கண்டு, அச்சகத்தார் நிறத்தைக் கண்டபடி கூட்டுவதற்குள், ஒரு சிறு மாதிரி அச்சிட்டுப் பகல் வெளிச்சத்தில் பார்த்துத் திருத்துவது செலவைக் காக்கும்.

மெருகும் மோசடியும்

இதுவரை கூறிய திருத்தங்களை மீண்டும் நோக்கினால் ஒரு கோடு புலப்படும். ஒளியை அடக்குவது, நிழலுக்கு நிறம் தருவது, வெண்மையைக் காப்பது, பச்சையை மண்ணுக்கேற்ப மாற்றுவது எல்லாம் கட்டிடம் கண்ணுக்கு எப்படித் தெரியுமோ அதை நெருங்கும் முயற்சிகள். முன்னிருக்கும் மின்கம்பத்தை அகற்றுவது, பதினைந்தடிச் சந்தைப் பெருஞ்சாலையாக்குவது, ஒட்டியிருக்கும் வீடுகளை அழித்துப் பூங்காவை வைப்பது, இல்லாத நீரூற்றைச் சேர்ப்பது ஆகியவை கட்டிடம் ஒருபோதும் எப்படி இராதோ அதைக் காட்டுவன. முன்னவை மெருகு, பின்னவை மோசடி. இன்று செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் ஒரு வரிக் கட்டளையில் இவ்விரண்டையும் வேறுபாடின்றிச் செய்துதருவதால், கோட்டை அறிந்திருப்பது முன்னெப்போதையும்விட அவசியமாகிறது.

ஃபிக்ஹ் நூல்கள் இதனைத் 'தத்லீஸ்' என்னும் தலைப்பில் ஆராய்கின்றன. விற்பனைக்குக் கொண்டுசெல்லும் முன் சில நாட்கள் பால் கறக்காமல் மடியைப் பெருக்கவிட்டு, மிகுந்த பால் தரும் கால்நடை எனத் தோன்றச் செய்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். ஏமாந்து வாங்கியவர் அதைத் திருப்பித் தரலாம் என்பது ஷாஃபிஈ உள்ளிட்ட பெரும்பான்மை இமாம்களின் சட்டம். ஹனஃபீ மத்ஹபில் சட்டவிளைவு வேறாயினும், செயல் தவறு என்பதில் கருத்து வேறுபாடில்லை. இங்கே வாயால் ஒரு பொய்யும் கூறப்படவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். தோற்றமே பொய் கூறியது. கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு உள்ளிருந்த ஈரத்தை உணர்ந்த நபி (ஸல்) அவர்கள், மழையில் நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று வணிகரைக் கண்டித்த செய்தி, அபூஹுரைரா (ரலி) வழியாக ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. நனைந்ததை விற்பது தடுக்கப்படவில்லை, மறைப்பதே தடுக்கப்பட்டது.

இன்னும் கட்டப்படாத ஒன்றைப் படத்தின் வழியே காட்டுவது, ஃபிக்ஹின் பார்வையில் ஒரு 'வஸ்ஃப்', அதாவது வருணனை. செய்து தரச் சொல்லி வாங்கும் 'இஸ்திஸ்னாஃ' உடன்படிக்கையை ஹனஃபீ ஃபுகஹாக்கள் ஏற்றனர். பொருள் வருணித்தபடி அமையவில்லையெனில் வாங்குபவர் அதை மறுக்கலாம். காணாது வாங்கிய பொருளைக் கண்டபின் மறுக்கும் உரிமையையும் அம்மத்ஹப் அளிக்கிறது. இவ்வுரிமைகள் எல்லாம் வாங்குபவருக்கு உண்டு. பள்ளிவாசலுக்கு ஸதகா தந்தவருக்கோ இவற்றுள் ஒன்றும் இல்லை. அவர் அல்லாஹ்வுக்காகக் கொடுத்துவிட்டார். கட்டிடம் படத்தைப்போல் இல்லையென்று பணத்தைத் திரும்பக் கேட்கமாட்டார். அவருக்குத் திருப்பிக்கேட்கும் உரிமை இல்லாததாலேயே, படம் தயாரிப்பவர் மேலும் அதை வெளியிடும் நிர்வாகத்தின் மேலும் உள்ள அமானிதம் கனமாகிறது.

எகிப்தியக் கட்டிடக் கலைஞர் ஹஸன் ஃபத்ஹி (1900–1989) தம் மண்வீடுகளை வண்ண ஓவியங்களாகத் தீட்டினார். மேலிருந்து காணும் அமைப்பும் எதிரிலிருந்து காணும் தோற்றமும் அவற்றில் ஒரே தாளில் கலந்திருக்கும். மரங்கள் பண்டை எகிப்திய ஓவிய மரபில் நிற்கும். அவை யாரையும் ஏமாற்றவில்லை. ஏனெனில் அவற்றைப் புகைப்படம் என்று எவரும் கருதமாட்டார். ஓவியம் தன்னை ஓவியம் என்று அறிவித்துக்கொள்கிறது. கணினிப் படமோ புகைப்படத்தின் ஆடையை உடுத்தி வருகிறது. எனவே அதன்மேல் பொறுப்பும் கூடுகிறது.

பழையதும் புதியதும்

இப்பொறுப்பு மிகக் கடுமையாவது, பழைய பள்ளிவாசலை இடித்துப் புதியதைக் கட்ட எண்ணும்போதுதான். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் கருங்கல் தூண்களும் தாழ்ந்த மண்டபங்களும் கொண்ட பள்ளிவாசல்கள் தலைமுறைகளாக நிற்கின்றன. இத்தகைய கட்டிடம் ஒன்றின் நடுப்பகலில் எடுத்த வெளிறிய கைப்பேசிப் படத்தையும், பொன்னொளியில் குளித்த புதிய கட்டிடத்தின் கணினிப் படத்தையும் ஒரே தாளில் அச்சிட்டு ஜமாஅத்தின் முன் வைத்தால், முடிவு முன்கூட்டியே எழுதப்பட்டுவிட்டது. அது கட்டிடத்திற்கும் கட்டிடத்திற்கும் நடந்த ஒப்பீடன்று; நடுப்பகலுக்கும் அதிகாலைக்கும் நடந்த ஒப்பீடு. கருங்கல்லின் செதுக்கு, சாய்ந்து விழும் காலையொளியில்தான் உயிர்பெறும். புதியதற்கு எந்த ஒளியோ அதே ஒளி பழையதற்கும் தரப்படவேண்டும். இடித்தபின் அதை எந்த மென்பொருளாலும் மீட்கவியலாது.

ஆகவே ஜமாஅத்துகள் படம் தயாரிப்பவரிடம் சில நிபந்தனைகளை முன்வைக்கலாம். ஊரின் திசையும் சூரியனின் உண்மையான நிலையும் கொண்டு படம் அமையவேண்டும். மெருகேற்றாத முதற்படமும் மெருகேற்றிய படமும் இரண்டும் நிர்வாகத்திடம் ஒப்படைக்கப்படவேண்டும். தெருவிலிருந்து மனிதனின் கண் உயரத்தில் தெரியும் தோற்றம் ஒன்றாவது வேண்டும். வானிலிருந்து பறவை காணும் தோற்றம் மட்டும் போதாது. அண்டை வீடுகளும் மரங்களும் இருக்கிறபடியே காட்டப்படவேண்டும். பின்னொரு காலத்தில் செய்ய எண்ணியிருப்பவை படத்திலேயே அவ்வாறு குறிக்கப்படவேண்டும். இவற்றால் படத்தின் அழகு குறையாது. சூரியன் நின்ற இடத்தில் நிற்க, நிழல் விழுந்த இடத்தில் விழ, வேம்பு வேம்பின் நிறத்தில் இருக்க, அதற்குள்ளேயே அழகைத் தேடிக் காண்பவனே உண்மையான கலைஞன்.

ஒளியைத் திருத்தலாம், நிறத்தை இணக்கலாம், இல்லாததை இருப்பதாக்கலாகாது. அல்லாஹ்வின் இல்லத்திற்காக விரிக்கப்படும் முதல் தாள் அப்படமே. அதிலேயே வாய்மை இல்லையெனில், அதன்மேல் எழும் சுவர்களின் வெண்மைக்குப் பொருள் ஏது? அல்லாஹ்வே மிக அறிந்தவன்.